நியூரோசயின்ஸ் பட்டத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் போவது? நான்காம் ஆண்டு படிக்கலாமா?

கேள்வி: அருமனை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் அருமனை அருகில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நியூரோசயின்ஸ் பாடத்தில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்து, நீட் மதிப்பெண் போதாமல் போனபோது, மூளையைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற உண்மையான ஆசையோடுதான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஆசை இன்றும் குறையவில்லை. நினைவாற்றல் எப்படி உருவாகிறது, வலிப்பு நோயில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் படிக்கும்போது நேரம் போவதே தெரிவதில்லை.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டத்தில் இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு முடிந்ததும் பட்டத்தோடு வெளியே வரலாம். விருப்பம் இருந்தால் ஆய்வேட்டுடன் கூடிய நான்காம் ஆண்டையும் படித்து ஆனர்ஸ் பட்டம் பெறலாம். எது வேண்டும் என்பதை அடுத்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மதிப்பெண் இதுவரை எழுபத்தெட்டு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழைக்காலத்தில் வெட்டு நின்றுவிட்டால் வீட்டில் வருமானமும் நின்றுவிடும். கல்விக் கடன் எடுத்துத்தான் படிக்கிறேன். தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். ஊரில் யாரைப் பார்த்தாலும் "மூளை டாக்டருக்குப் படிக்கிறாயா" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றால், பின் என்ன வேலை கிடைக்கும் என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை. வீட்டிலும் அதே கேள்விதான், அன்போடு கேட்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

நான்காம் ஆண்டு படிப்பது பயன் தருமா? முனைவர் பட்டம் வரை போனால்தான் இந்தத் துறையில் வாழ முடியுமா? இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சம்பாதிக்கத் தொடங்கும்படியான வழிகள், முடிந்தால் ஊருக்கு அருகிலேயே, இருக்கின்றனவா? இந்தத் துறையில் இருக்கும் நம் மாவட்டத்து அண்ணன்மார், அக்காமார் யாரேனும் இருந்தால் விரிவாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: குழித்துறை ஆய்வாளர்

தங்கைக்கு வணக்கம். நான் குழித்துறைக்காரன். பெங்களூருவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நரம்பணுக்களின் மின் இயக்கத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் கேள்விகளில் நான்காம் ஆண்டைப் பற்றியதற்குத்தான் அவசரம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்கள் முதுநிலை படிக்காமலேயே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வகையில் உங்கள் மதிப்பெண் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கும் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. நேர்முகத் தேர்வில் எங்களிடம் கேட்டதெல்லாம் நாங்கள் கையால் செய்த சோதனைகளைப் பற்றித்தான்: ஏன் அந்தச் சோதனை, எதனோடு ஒப்பிட்டீர்கள், முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன பொருள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் நான்காம் ஆண்டில் உண்மையான ஆய்வகமும், வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசும் வழிகாட்டியும் கிடைக்குமானால் தாராளமாக இருங்கள். நூலகத்தில் கட்டுரைகளைத் தொகுத்து ஆய்வேடு என்ற பெயரில் கொடுப்பதுதான் நடைமுறை என்றால், அந்த ஓராண்டுக் கட்டணத்துக்கு அது ஈடாகாது. இதைத் தெரிந்துகொள்ள, சென்ற ஆண்டு அதை முடித்த மாணவர்களின் ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றில் அவர்களே எடுத்த அளவீடுகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும்.

மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே வந்தாலும் ஆய்வுக்கு நேர்வழி உண்டு. முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த படிப்பை பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இந்திய அறிவியல் கழகமும் நடத்துகின்றன. முன்னதற்கு ஜே.ஜி.ஈ.ஈ.பி.ஐ.எல்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு, பின்னதற்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு. ஜாம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், ஆனால் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைக் கேள்விப்படும்போது கடைசித் தேதி போயிருக்கும். உங்கள் குடும்ப நிலைக்கு இந்த வழியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், படிக்கும்போதே மாத உதவித்தொகை வரும் என்பதுதான். தனியாக முதுநிலை முடித்து வருகிறவர்கள் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும், இரண்டாண்டுக்குப் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும்.

முதுநிலை மட்டும் என்றால், மூளையின் உயிரியலை விட மனச் செயல்பாடுகளில் நாட்டம் இருப்பவர்களுக்கு ஐ.ஐ.டி. காந்திநகரின் அறிதிறன் அறிவியல் படிப்பைச் சொல்வேன். அரியானா மாநிலம் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் முழுக்க முழுக்க இந்தத் துறைக்காகவே அமைந்தது. 2003-இல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே என்னென்ன படிப்புகளுக்கு இந்த ஆண்டு சேர்க்கை என்பதை அவர்களுடைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தை நேசிப்பவர்கள் எல்லாரும் இந்த வேலையை நேசிப்பதில்லை. எலியின் மூளையிலிருந்து நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தடிமனில் சீவி எடுத்து, 95 பங்கு ஆக்சிஜனும் 5 பங்கு கரியமில வாயுவும் கலந்து குமிழியிடும் உப்புக் கரைசலில் வைப்போம். அதற்குப் பிறகு, நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழலை நுண்ணோக்கியில் பார்த்தபடி ஒரே ஒரு நரம்பணுவின் மேல் கொண்டுபோய் ஒட்டி, மிக மெல்ல உறிஞ்ச வேண்டும். சவ்வு குழலோடு இறுகிக்கொண்டால்தான் அளவீடு எடுக்க முடியும். இறுகாவிட்டால் குழலை மாற்றிவிட்டு அடுத்த அணு. சீவிய திசு சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும். மாலைக்குள் ஒரு நல்ல பதிவு கிடைத்தால் அது நல்ல நாள். விலங்குகளைக் கொண்டு சோதனை செய்வதில் உங்களுக்கு மனத்தடை இருந்தால் அதையும் இப்போதே உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதரிடம் நேரடியாகச் செய்யும் ஆய்வுகளும் இத்துறையில் நிறைய உண்டு.

இந்த வேலை ஒத்துவருமா என்று அறிய, நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் தங்கி வேலை செய்யலாம். முனைவர் பட்டம் என்றால் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், அதற்குப் பிறகும் நிரந்தரப் பணிக்கு முன் வேறோர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் இருக்க வேண்டிவரும், பேராசிரியர் பதவிகள் குறைவு. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் விருப்பம் மாறவில்லை என்றால் வாருங்கள்.

பதில் 2: களியக்காவிளை அக்கா

தங்கச்சிக்கு, நான் களியக்காவிளையிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போய் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். ஊருக்கு அருகில், சீக்கிரமாக வேலை என்று நீங்கள் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். மேலே தம்பி சொன்ன ஆய்வு வழியைப் பற்றி எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் மூளையைப் பற்றிய படிப்பு என்றால் ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் விஞ்ஞானி என்று மட்டுமே நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். இடையில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

வேலை என்னவென்று சொல்கிறேன். வலிப்பு வந்த ஒரு குழந்தையை அழைத்து வருவார்கள். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டையின் மேட்டு எலும்பு வரைக்கும், பிறகு ஒரு காதின் முன்பக்கத்திலிருந்து மறு காது வரைக்கும் நாடாவால் அளந்து, அந்த நீளத்தைப் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பங்கிட்டு மெழுகுப் பென்சிலால் தலையில் குறியிடுவோம். உலகம் முழுவதும் 1958 முதல் இதே முறைதான். ஒவ்வொரு குறியிலும் தோலைச் சுத்தம் செய்து, பசை வைத்து மின்முனையை ஒட்டி, மின்தடை ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்ப்போம். நம் ஊர்க் குழந்தைகள் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வருவார்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் பிடிக்காது. ஆகவே முந்தைய நாளே ஷாம்பு போட்டுத் தலை குளித்து, எண்ணெய் வைக்காமல் வரும்படி சொல்லி அனுப்புவதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. பிறகு கண்ணை மூடச் சொன்னால் தலையின் பின்புறத்து முனைகளில் நொடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வரை அடிக்கும் ஆல்ஃபா அலை தெளிவாக எழும். மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்வோம். சில குழந்தைகள் பள்ளியில் பாடத்தைக் கவனிக்காமல் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று திட்டு வாங்கியிருப்பார்கள். அந்த மூன்று நிமிடத்துக்குள் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர் அலைகள் வரிசையாக வந்துவிடும். குழந்தை அந்த நேரம் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே உறைந்து நிற்கும். அது குறும்பு அல்ல, நோய், மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் என்று டாக்டர் தாயிடம் விளக்கும்போது, அந்தப் பதிவைச் சரியாக எடுத்தது நாம்தான் என்ற நிறைவு எனக்கு இன்றும் பெரிது. கண் சிமிட்டுவதும் பல்லைக் கடிப்பதும்கூட அலையாகத்தான் திரையில் விழும். எது மூளையிலிருந்து வருகிறது, எது தசையிலிருந்து வருகிறது என்று அந்த நொடியிலேயே பிரித்தறிய வேண்டும். அதற்கு உங்கள் படிப்பு நேரடியாக உதவும்.

இதன் அடுத்த படி அறுவை அரங்கில் இருக்கிறது. முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும்போதோ, மூளைக் கட்டியை எடுக்கும்போதோ, நரம்புப் பாதைகள் பாதிக்கப்படாமல் இருக்கின்றனவா என்பதை இடைவிடாமல் மின் சைகை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர்கள் பெரிய மருத்துவமனைகளில் தேவைப்படுகிறார்கள். பொறுப்பு மிகுந்த வேலை, ஊதியமும் எங்களைவிடக் கூடுதல். தூக்க ஆய்வகங்களிலும் இதே பயிற்சி பயன்படும்.

ஆனால் பி.எஸ்சி. நியூரோசயின்ஸ் சான்றிதழை மட்டும் கொண்டுவந்தால் மருத்துவமனையில் நோயாளியைத் தொட விடமாட்டார்கள். மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய பட்டயமோ முதுநிலைப் பட்டயமோ வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் வலிப்பு நோய்க்கென்றே பெயர்பெற்ற மையம் இருக்கிறது. தேசிய மனநல, நரம்பியல் கழகமான பெங்களூரு நிமான்ஸ் நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. இவை நடத்தும் தொழில்நுட்பப் படிப்புகளின் அறிவிப்பைப் பாருங்கள். தகுதியாக எந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பது படிப்புக்குப் படிப்பு மாறும் என்பதால், உங்கள் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். 2021-இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டத்தின் அட்டவணையில் இ.இ.ஜி. தொழில்நுட்பர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். எனவே அங்கீகாரம் இல்லாத குறுகிய காலச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது இ.இ.ஜி. எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனாலும் தொடக்கத்தில் சில ஆண்டுகள் பெரிய மையத்தில் வேலை பழகுவதுதான் நல்லது.

பதில் 3: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், நாகர்கோவில்

மகளே, நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மேலே உள்ள இருவரும் சொன்னவை நல்ல செய்திகள். அவர்கள் தொடாத இரண்டு நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பட்டத்தின் பெயர். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளுக்கும் ஆசிரியர் பணிகளுக்கும் விளம்பரத்தில் குறிப்பிட்ட பாடத்தின் பெயரும் உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை கேட்பார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். ஊரிலேயே கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் உங்கள் மனத்தின் ஓரத்தில் இருக்குமானால், முதுநிலையை விலங்கியல், உயிர்த்தொழில்நுட்பவியல், உளவியல் போன்று இங்கே துறையாகவே இருக்கும் ஒரு பாடத்தில் செய்து, ஆய்வை மூளையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 சதவீதமும் நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும், அல்லது முனைவர் பட்டமும் அடிப்படைத் தகுதி. எந்த விண்ணப்பத்துக்கும் முன் உங்கள் பட்டத்துக்கு இணைச் சான்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திலேயே கேளுங்கள்.

இரண்டாவது, கல்விக் கடன். வங்கிகளின் பொதுவான திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. நீங்கள் நான்காம் ஆண்டிலோ மேற்படிப்பிலோ சேர்ந்தால் அது தானாகவே நீண்டுவிடாது. சேர்க்கைக் கடிதத்தோடு கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். உதவித்தொகை வரத் தொடங்கியதும் வட்டியை மட்டுமாவது மாதந்தோறும் கட்டிவந்தால் உங்கள் அப்பாவின் பாரம் பாதி குறையும்.

உறவினர்கள் கேட்கும் கேள்விக்காக வருந்த வேண்டாம். எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்திலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. படிப்பை மதிக்கும் மக்கள்தான் கேட்கிறார்கள். களியக்காவிளைத் தங்கை எழுதியதைப் போல ஒரு நாள் வேலையை விவரித்துச் சொன்னால் அவர்களுக்கும் புரியும்.

பதில் 4: தக்கலை நிரலர்

நான் படித்தது கணினி அறிவியல். இப்போது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மருத்துவப் படங்களைப் பகுத்தாயும் மென்பொருள் குழுவில் இருக்கிறேன். எங்களுக்கு அன்றாடம் வரும் சிக்கலைச் சொன்னால் உங்களுக்கு ஒரு வழி தெரியலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் நிரல் கட்டி என்று குறித்த இடம் உண்மையில் கட்டியா, சாதாரண இரத்தக் குழாயா, நோயாளி தலையை அசைத்ததால் வந்த மங்கலா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள்தாம் குறைவு. மூளையின் அமைப்பும் தெரிந்து, பைத்தானும் புள்ளியியலும் ஓரளவு தெரிந்தவர் கிடைத்தால் எங்கள் வேலை பாதியாகிவிடும்.

இதற்குப் புதிதாக ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்பதில்லை. ஓப்பன்நியூரோ போன்ற தளங்களில் உண்மையான மூளைப் படங்களும் இ.இ.ஜி. பதிவுகளும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன, எம்.என்.இ. என்ற பைத்தான் தொகுப்பும், எஃப்.எஸ்.எல். என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளும் கல்விக்கு இலவசம். ஏற்கெனவே வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவை அதே தரவை வைத்து நீங்களே மறுபடி வரவழைத்துப் பாருங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதிப் பொதுவில் வையுங்கள். வேலைக்கு எடுக்கும்போது நான் பார்ப்பது அதைத்தான். 2020 முதல் இணையத்தில் நடந்துவரும் நியூரோமேட்ச் அகாடமியின் கோடை வகுப்பும் இதற்கு நல்ல தொடக்கம். அவரவர் நாட்டுக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தையும் கவனியுங்கள். கருவிலிருக்கும் மனித மூளையின் 5,132 சீவல்களைப் படமெடுத்துத் தைத்து "தரணி" என்ற பெயரில் 2024 இறுதியில் உலகுக்குத் திறந்துவைத்தார்கள். அப்படிப்பட்ட பணியில் திசுவைச் சீவுகிறவர், சாயமேற்றுகிறவர், படத்தில் எல்லைகளை வரைகிறவர், கணினியில் அடுக்குகிறவர் என்று பலவகைக் கைகள் தேவை. இத்தகைய மையங்கள் அவ்வப்போது திட்டப் பணியாளர்களை எடுப்பது வழக்கம். மூன்றாண்டுப் பட்டத்தோடு ஓரிரு ஆண்டு அப்படி வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போவது, சம்பளமும் அனுபவமும் ஒருசேரக் கிடைக்கும் வழி.

நோய், சிகிச்சைக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிறுவனங்கள் உயிர் அறிவியல் பட்டதாரிகளை உடனே எடுத்துக்கொள்கின்றன. மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தொகுக்கும் வேலையும் அப்படித்தான். வீட்டு நெருக்கடி மிகுந்தால் அதில் சேர்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்கே மூளையைப் பற்றி நீங்கள் படித்தது பெரும்பாலும் பயன்படாது என்பதைத் தெரிந்து சேருங்கள்.

அருமனை மாணவி

இவ்வளவு அக்கறையோடு பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கல்விக் கடனைப் பற்றி ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை வங்கிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். விலங்குகளைக் கொண்டு செய்யும் சோதனை என்னால் முடியுமா என்று யோசித்தபோது, நோயாளிகளோடு பழகும் வேலையின் பக்கம்தான் மனம் சாய்கிறது என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் ஆக முடியுமா? என்னோடு படிக்கும் பலர் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். கட்டணமே இல்லை என்கிறார்கள். அது உண்மையா?

பதில் 5: மார்த்தாண்டம் உளவியலாளர்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மருத்துவ உளவியலாளர் என்ற பெயரில் நோயாளிகளைப் பார்ப்பதற்கு, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதுவரை அதற்கான வழி, உளவியலில் முதுநிலை முடித்து, அக்குழு அங்கீகரித்த நிறுவனத்தில் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பது என்பதாக இருந்தது. 2022 விதிகளில் மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டது, மருத்துவ உளவியலுக்குச் சில காலம் விலக்கு கொடுத்தார்கள். அதன் இடத்தில் புதிய படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே நீங்கள் சேரும் ஆண்டில் எந்தப் படிப்புக்குப் பதிவு கிடைக்கும் என்பதை மறுவாழ்வுக் குழுவின் இணையதளத்திலேயே பாருங்கள். முகவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

உங்கள் பட்டத்தோடு நேரடியாக அதில் நுழைய முடியாது, இடையில் உளவியல் முதுநிலை கட்டாயம். மொத்தமாக இன்னும் நான்காண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நியூரோசயின்ஸ் தெரிந்து வருகிறவர்களுக்கு நரம்பு உளவியல் என்ற பிரிவில் தனி மதிப்பு உண்டு. பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர், பக்கவாதத்தில் பேச்சு குழறியவர், மறதி நோய் தொடங்கிய முதியவர் ஆகியோருக்கு எந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சோதித்து, மீட்டெடுக்கும் பயிற்சியை வகுப்பது அந்தப் பிரிவின் வேலை. நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. மறதி நோய்க்கான முறையான சோதனைக்காக அவர்களைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். இங்கேயே அதைச் செய்யக்கூடியவர்கள் வேண்டும் என்று நான் வெகுநாளாக விரும்புகிறேன். நீங்கள் வந்தால் உண்மையாகவே மகிழ்வேன்.

சான்றிதழ் ஆலோசகர் என்ற பெயரில் சில மாதங்களில் முடியும் இணையப் படிப்புகள் நிறைய விற்கப்படுகின்றன. அவை உங்களுக்கு நோயாளியைப் பார்க்கும் உரிமையைத் தராது.

பதில் 6: குழித்துறை ஆய்வாளர்

ஜெர்மனியைப் பற்றி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நியூரோசயின்ஸுக்குப் பெயர்பெற்ற ட்யூபிங்கன் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. கட்டணம் இல்லாவிட்டாலும், விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, நம் கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல். இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றும் பெற வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால், வெளிநாடுதான் இலக்கு என்றால் நான்காம் ஆண்டு படிப்பதற்கு அது ஒரு நல்ல காரணம். கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களோடு இணைந்து ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலை-முனைவர் படிப்பு மிகச் சிறந்தது, ஆனால் அது ஆய்வுக்கானது. நீங்கள் இப்போது சொல்லியிருப்பதைப் பார்த்தால், இன்னொரு கடன் எடுத்து அங்கே போவதைவிட, மருத்துவமனைப் பயிற்சியை இங்கேயே முடிப்பது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

அதனால் என் முந்தைய பதிலில் ஒன்றைச் சேர்க்கிறேன். நான்காம் ஆண்டு படிவத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன், உங்கள் துறைத் தலைவரிடம் அந்த ஆண்டு ஆய்வேட்டை ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலோ இ.இ.ஜி. ஆய்வகத்திலோ செய்ய அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் இருங்கள். இல்லை என்றால் மூன்றாண்டோடு வெளியே வந்து களியக்காவிளை அக்கா சொன்ன பயிற்சிகளுக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவமனைகளுக்கும் பேராசிரியர்களுக்கும் அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் செய்த செய்முறைகள், தங்கக்கூடிய காலம், எந்த மாதத்திலிருந்து வர முடியும் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். வரைவை இங்கே பதிந்தால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.